பழகிய சாலையில் மறைந்திருக்கும் ஆபத்து: அனுபவமிக்க ஓட்டுநர்கள் விழிப்பைத் தக்கவைப்பது எப்படி?

புதுதில்லி: நாட்டில் நிகழும் சாலை விபத்துகளில் பெரும்பாலானவை கொண்டை ஊசி வளைவுகளிலோ, கொட்டும் மழையிலோ, வாகனம் ஓட்டத் தெரியாதவர்களாலோ ஏற்படுவதில்லை. நேரான சாலையில், தெளிந்த வானிலையில், முறையான உரிமம் பெற்றவர்கள் வாகனத்தைச் செலுத்தும்போதே அவை ஏற்படுகின்றன. எனவே, ஓட்டக் கற்றுக்கொடுப்பதோடு சாலைப் பாதுகாப்புப் பயிற்சி முடிந்துவிடுகிறதா என்ற கேள்வி எழுகிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் 2022 ஆம் ஆண்டுக்கான அறிக்கையின்படி, அவ்வாண்டில் 4,61,312 விபத்துகள் பதிவாயின. 1,68,491 பேர் உயிரிழந்தனர். ஒரு மணி நேரத்துக்கு 19 பேர் என்ற கணக்கில் உயிர்கள் பறிபோயின. விபத்துகளில் 67 சதவீதம் நேரான சாலைகளில் நிகழ்ந்தவை. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, வானிலை தெளிவாக இருந்தபோது நிகழ்ந்தவை. விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களில் பெரும்பான்மையினர் நிரந்தர உரிமம் பெற்றவர்கள்.

நாட்டின் சாலைகளில் பெரும்பகுதி நேரானது என்பதாலும், பெரும்பாலான பயணங்களை உரிமம் பெற்றவர்களே மேற்கொள்கின்றனர் என்பதாலும், இவ்வெண்களைக் கொண்டு நேரான சாலையே அதிக ஆபத்தானது என்று கூறிவிட முடியாது. எனினும், அனுபவம் மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடாது என்பதை அவை உணர்த்துகின்றன.

உயிரிழப்புகளில் 71.2 சதவீதத்துக்கு அதிவேகமே காரணம் என்று அதே அறிக்கை கூறுகிறது. மது அருந்தி ஓட்டுதல், தவறான திசையில் செல்லுதல், சிவப்பு விளக்கை மீறுதல், கைபேசி பயன்பாடு ஆகியவையும் காரணங்களாகப் பட்டியலிடப்பட்டுள்ளன. "கண்ணில் பட்டும் கருத்தில் பதியவில்லை" என்பதற்கு அப்பட்டியலில் தனி இடம் இல்லை. ஆனால், விபத்தில் உயிர் தப்பிய ஓட்டுநர்கள் பலரும் கூறும் முதல் வாக்கியம், "திடீரென்று எங்கிருந்தோ வந்துவிட்டது" என்பதாகவே இருக்கிறது. அந்த வாகனமோ மனிதரோ அதற்குச் சில விநாடிகளுக்கு முன்பிருந்தே பார்வைக்கு எட்டும் தொலைவில் இருந்திருக்கக்கூடும்.

அனுபவம் தருவது என்ன?

புதிதாக வாகனம் ஓட்டப் பழகுபவரின் பார்வை, வாகனத்துக்கு முன்னால் உள்ள சில மீட்டர் தொலைவிலேயே பெரும்பாலும் நிலைத்திருக்கும். கிளட்ச், கியர், ஸ்டியரிங் ஆகியவற்றைக் கையாளுவதிலேயே அவரது கவனத்தின் பெரும்பகுதி செலவாகிவிடும். ஆண்டுகள் செல்லச்செல்ல இச்செயல்கள் தாமாகவே நிகழத் தொடங்குகின்றன. கை கால்களைப் பற்றி நினைக்க வேண்டிய தேவை இல்லாததால், கண்கள் தொலைவையும் பக்கவாட்டையும் நோக்கிச் செல்கின்றன.

இதனுடன் முன்னுணரும் திறனும் சேர்கிறது. தெருவில் ஒரு பந்து உருண்டு வந்தால் அதன் பின்னால் ஒரு குழந்தை ஓடிவரும். நின்றுகொண்டிருக்கும் பேருந்தின் அடியில் கால்கள் தெரிந்தால் யாரோ சாலையைக் கடக்கவிருக்கிறார். ஓரமாக நிற்கும் ஆட்டோவின் முன்சக்கரம் சாலைப் பக்கம் திரும்பியிருந்தால் அது புறப்படவிருக்கிறது. ஒரு மாடு சாலையைக் கடந்துவிட்டால் அதன் பின்னால் இன்னொன்று வரக்கூடும். இத்தகைய குறிப்புகளைக் கண்டவுடன் நல்ல ஓட்டுநரின் கால், அவர் அறியாமலேயே ஆக்சிலரேட்டரிலிருந்து விலகுகிறது.

இத்திறனைத் தனியாக அளந்து பார்க்க முடியும். பிரிட்டனில் 2002 ஆம் ஆண்டு நவம்பர் முதல், ஓட்டுநர் உரிமம் கோருவோருக்கு ஆபத்து உணர்தல் தேர்வு நடத்தப்படுகிறது. சாலைக் காட்சிகள் அடங்கிய 14 காணொளிகள் திரையிடப்படும். அவற்றில் உருவாகிவரும் 15 ஆபத்துகளை எவ்வளவு விரைவாகக் கண்டறிகிறார் என்பதைப் பொறுத்து மதிப்பெண் வழங்கப்படும். கார் ஓட்டுநர்கள் 75 மதிப்பெண்ணுக்கு 44 பெற வேண்டும். பிரேக் பிடிக்கத் தெரிவது ஒரு திறன் என்றால், எப்போது பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே அறிவது வேறொரு திறன் என்பதே இத்தேர்வின் அடிப்படை.

அனுபவம் பறிப்பது என்ன?

இத்திறனைத் தரும் அதே அனுபவம், வேறொன்றைச் சிறிதுசிறிதாக எடுத்துக்கொள்கிறது. ஒரே சாலையில் நூறு முறை சென்றவரின் மூளை, நூற்றோராவது முறை அச்சாலையை முழுமையாகப் பார்ப்பதில்லை. முன்பு பார்த்ததை வைத்து, இப்போதும் அவ்வாறே இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறது. எதிர்பார்ப்பதை விரைவில் காண்கிறது, எதிர்பாராததைத் தவறவிடுகிறது.

இதற்கு உடலியல் சார்ந்த காரணமும் உண்டு. மனிதக் கண் முழுத் தெளிவுடன் காணும் பரப்பு மிகச் சிறியது. சுமார் 2 பாகை மட்டுமே. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகத்தின் அகலமே அதன் அளவு. எஞ்சிய பரப்பை மூளை, நினைவையும் ஊகத்தையும் கொண்டு நிரப்பிக்கொள்கிறது. ஓட்டுநர் சாலை முழுவதையும் பார்ப்பதாகவே உணர்வார். உண்மையில் அவர் காண்பது, கண் நின்று நின்று செல்லும் சில புள்ளிகளை மட்டுமே.

கண் ஒரு பொருளின் மீது நிலைத்திருந்தாலும் மனம் அதைப் பதிவுசெய்யாமல் போகலாம். 1999 இல் அமெரிக்க உளவியலாளர்கள் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் ஆகியோர் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு இதைக் காட்டியது. கூடைப்பந்தைக் கைமாற்றும் இளைஞர்களின் காணொளியைக் காட்டி, எத்தனை முறை பந்து கைமாறுகிறது என்று எண்ணும்படி பார்வையாளர்களிடம் கூறப்பட்டது. நடுவே கொரில்லா வேடமிட்ட ஒருவர் நடந்து சென்றார். ஏறத்தாழ பாதிப் பேர் அதைக் கவனிக்கவே இல்லை.

சந்திப்புகளில் நிகழ்வதும் இதுவே. லாரியோ பேருந்தோ வருகிறதா என்று தேடும் ஓட்டுநரின் கண், அவற்றுக்கு இடையே வரும் மோட்டார் சைக்கிளைக் கடந்து சென்றுவிடுகிறது. 2022 இல் சாலைகளில் உயிரிழந்தோரில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள், 19.5 சதவீதத்தினர் நடந்து சென்றவர்கள். உருவில் சிறியவர்களும், இரும்புக் கவசம் இல்லாதவர்களுமே மொத்த உயிரிழப்பில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இருக்கின்றனர். கனரக வாகனத்தின் உயரமான இருக்கையில் அமர்ந்திருப்பவரின் கவனத்திலிருந்து எளிதில் நழுவுபவர்களும் இவர்களே.

நல்ல சாலையும் கண்ணயரச் செய்யும்

அனுபவத்தால் வரும் அசட்டையுடன், சலிப்பால் வரும் மந்தநிலையும் சேரும்போது ஆபத்து கூடுகிறது. பிரிட்டன் உளவியலாளர் நார்மன் மேக்வொர்த், ராடார் திரையைக் கண்காணிக்கும் விமானப்படையினரின் கவனம் ஏன் குறைகிறது என்பதை ஆராய்ந்து 1948 இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கடிகார முள் போன்ற ஒன்று சீராக நகர்ந்துகொண்டிருக்கும். அரிதாக அது இரட்டை அடி தாவும். அதைக் கண்டவுடன் தெரிவிக்க வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகு, தாவலைக் கண்டறியும் திறன் தெளிவாகக் குறைந்தது. பங்கேற்றவர்கள் உறங்கவில்லை, சோம்பேறிகளும் அல்லர். அரிதாக நிகழும் ஒன்றுக்காக நெடுநேரம் காத்திருப்பது மனித மூளைக்கு இயல்பாக வருவதில்லை.

புதிய விரைவுச் சாலைகள் இதே சூழலை ஓட்டுநருக்கு உருவாக்குகின்றன. மகாராஷ்டிரத்தில் நாக்பூரையும் மும்பையையும் இணைக்கும் 701 கி.மீ. நீள சம்ருத்தி நெடுஞ்சாலையின் நாக்பூர்-சீரடி இடையேயான 520 கி.மீ. பகுதி, 2022 ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்டது. 2025 ஜூனில் சாலை முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்தது. சமதளப் பகுதிகளில் கார்கள் மணிக்கு 120 கி.மீ. வேகம் வரை செல்ல அனுமதி உண்டு. குறுக்கே சிக்னல் இல்லை; சந்தை இல்லை; எதிரே வாகனம் வருவதில்லை. முதற்பகுதி திறக்கப்பட்டதைத் தொடர்ந்து நிகழ்ந்த விபத்துகளையடுத்து, 'நெடுஞ்சாலை மயக்கம்' என்ற சொல் பரவலாகப் பேசப்பட்டது.

கண் திறந்திருக்கும், கை ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும், ஆனால் கடந்த பத்து கிலோமீட்டரில் என்ன பார்த்தோம் என்று கேட்டால் ஓட்டுநரால் கூற இயலாது. அந்நிலைக்கே இப்பெயர். வாகனம் சீராகச் செல்லும் வரை இதனால் தீங்கு தெரிவதில்லை. பழுதாகி நிற்கும் ஒரு லாரி எதிர்ப்படும் நொடியில்தான் அதன் விலை தெரியவருகிறது.

ஒரு விநாடியின் தொலைவு

அந்த விலையைக் கணக்கிட முடியும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் சுமார் 22 மீட்டர் கடக்கிறது. 100 கி.மீ. வேகத்தில் 28 மீட்டர். சாலைகளை வடிவமைக்கும்போது, ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கில் கால் வைக்க 2.5 விநாடி ஆகும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் கணக்கில் கொள்கிறது. அதன் வரையறைப்படி, பாதுகாப்பாக நிற்பதற்குத் தேவையான பார்வைத் தொலைவு மணிக்கு 50 கி.மீ. வேகத்துக்கு 60 மீட்டர், 80 கி.மீ. வேகத்துக்கு 120 மீட்டர், 100 கி.மீ. வேகத்துக்கு 180 மீட்டர்.

வேகம் இரட்டிப்பானால் தேவையான தொலைவு மும்மடங்காகிறது என்பதை இவ்வெண்களிலிருந்து அறியலாம். இவை அனைத்தும், ஓட்டுநர் விழிப்புடன் இருக்கிறார் என்ற அடிப்படையில் வகுக்கப்பட்டவை. 80 கி.மீ. வேகத்தில் அவர் கவனம் 2 விநாடி விலகினால், பிரேக் பிடிப்பதற்கு முன்பே மேலும் 44 மீட்டர் கடந்துவிடும். பிரேக் நன்றாக இருப்பதும், ஓட்டுநர் கைதேர்ந்தவராக இருப்பதும் அந்த 44 மீட்டரைத் திரும்பத் தராது.

இரவில் நிலைமை மேலும் கடினமாகிறது. தாழ்த்திய முகப்பு விளக்கின் ஒளியில், கருமையான ஆடை அணிந்து நடந்து செல்பவரை 50 மீட்டருக்கு முன்னால் கண்டுகொள்வதே அரிது. 80 கி.மீ. வேகத்தில் நிற்க 120 மீட்டர் தேவை. அதாவது, ஒளி எட்டும் தொலைவுக்குள் நிறுத்த முடியாத வேகத்தில் வாகனம் சென்றுகொண்டிருக்கிறது. பின்விளக்கு எரியாத டிராக்டர் டிரெய்லர், ஒளிரும் பட்டை ஒட்டப்படாமல் ஓரத்தில் நிறுத்தப்பட்ட லாரி, தவறான திசையில் வரும் இருசக்கர வாகனம், சாலையில் படுத்திருக்கும் கால்நடை ஆகியவை நாட்டின் நெடுஞ்சாலைகளில் வழக்கமாகக் காணப்படுபவை. பின்புறம் மோதுவதே 2022 இல் மிகுதியாகப் பதிவான விபத்து வகை என்பதும், மாலை 6 முதல் இரவு 9 மணி வரையிலான நேரத்திலேயே மிகுதியான விபத்துகள் நிகழ்ந்தன என்பதும் கவனிக்கத்தக்கவை.

ரயில் எஞ்சினிலிருந்து ஒரு பாடம்

அனுபவத்தை மட்டுமே நம்பிவிடாத ஒரு துறை நாட்டில் ஏற்கனவே உள்ளது. இந்திய ரயில்வேயில் லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் ஒவ்வொரு சிக்னலையும் கண்டவுடன், அதன் நிலையை ஒருவருக்கொருவர் உரக்கக் கூறிக் கையசைத்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். முப்பது ஆண்டு பணியாற்றியவர் என்பதால் இதிலிருந்து விலக்கு இல்லை. ஒரே பாதையில் ஆயிரம் முறை சென்றிருந்தாலும், அடுத்த சிக்னல் பச்சையாகத்தான் இருக்கும் என்று அவர் எண்ணிக்கொள்ள இடமளிக்கப்படுவதில்லை.

நவீன எஞ்சின்களில் விழிப்புக் கண்காணிப்புக் கருவியும் உண்டு. சுமார் ஒரு நிமிடத்துக்கு எந்தக் கட்டுப்பாட்டையும் ஓட்டுநர் தொடவில்லை என்றால் விளக்கு மின்னும். பின்னர் ஒலி எழும். அதற்கும் பதில் இல்லையெனில் பிரேக் தானாக இயங்கி ரயில் நின்றுவிடும். குறிப்பிட்ட வழித்தடத்தில் மூன்று மாதங்களுக்கு மேல் பணியாற்றாத லோகோ பைலட், மீண்டும் அத்தடத்தை அறிந்துகொள்ளும் பயணத்தை முடித்த பிறகே அங்கு ரயிலை இயக்கலாம்.

சுட்டிக்காட்டி உரக்கக் கூறும் முறை ஜப்பான் ரயில்வேயில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படுகிறது. அந்நாட்டு ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994 இல் நடத்திய சோதனையில், எளிய பணி ஒன்றில் 100 செயல்களுக்கு 2.38 ஆக இருந்த பிழைகள், சுட்டிக் கூறியபோது 0.38 ஆகக் குறைந்தன. வாயால் கூற வேண்டுமெனில் கண் அப்பொருளைத் தேடிச் சென்றே ஆக வேண்டும். மனம் அதை அடையாளம் கண்டே ஆக வேண்டும். பழக்கத்தின் ஓட்டத்தில் நழுவிச் செல்வதற்கு அங்கு வழியில்லை.

சாலையில் இத்தகைய ஏற்பாடு இல்லை. 2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, போக்குவரத்து வாகன ஓட்டுநரின் உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். அபாயகரமான பொருள்களை ஏற்றிச் செல்லும் வாகனங்களை ஓட்டுவோர் மட்டும், உரிமத்தைப் புதுப்பிக்க ஒருநாள் புத்தாக்கப் பயிற்சி பெற வேண்டும். கார், இருசக்கர வாகன ஓட்டுநர்களைப் பொறுத்தவரை, 30 வயதுக்குள் உரிமம் பெறுபவருக்கு 40 வயது வரை அது செல்லுபடியாகும். இருபதாம் வயதில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத் திடலில் 'எட்டு' போட்டுக் காட்டியவரின் பார்வைப் பழக்கத்தை, அடுத்த இருபது ஆண்டுகளில் எவரும் சோதிப்பதில்லை.

ஓட்டுநர் தாமே செய்யக்கூடியவை

ரயில்வேயின் முறையைத் தனி ஓட்டுநரும் செலவின்றிப் பின்பற்றலாம். பிரிட்டன் காவல்துறையின் ஓட்டுநர் பயிற்சியில், கண்ணில் படும் ஆபத்துகளையும் அதற்குத் தாம் செய்யவிருப்பதையும் வாய்விட்டுக் கூறிக்கொண்டே ஓட்டும் முறை நீண்டகாலமாகக் கையாளப்படுகிறது. "முன்னால் பேருந்து நிறுத்தம், ஆட்கள் நிற்கிறார்கள், வேகத்தைக் குறைக்கிறேன்", "இடப்புறம் பள்ளிக்கூடம், மணி நான்கு", "டிராக்டர் திரும்பக்கூடும், முந்தவில்லை" என்பதுபோல் தமிழிலோ இந்தியிலோ எந்த மொழியிலும் கூறிக்கொள்ளலாம். பயணம் முழுவதும் பேச வேண்டியதில்லை. நாள்தோறும் பத்து நிமிடம், அதிலும் மிகப் பழகிய சாலையில் இதைச் செய்து பார்த்தால், எத்தனை பொருள்களைச் சொல்லாமல் விடுகிறோம் என்பது ஓட்டுநருக்கே புலப்படும்.

இரண்டாவது, கண்ணை ஓரிடத்தில் நிற்கவிடாமல் இருப்பது. தொலைவு, அண்மை, இடப்புறம், வலப்புறம், பின்புறம் காட்டும் கண்ணாடி, பக்கவாட்டுக் கண்ணாடிகள் எனச் சுழற்சியாகப் பார்வையைச் செலுத்த வேண்டும். முன்செல்லும் வாகனத்தின் பின்விளக்கையே நோக்கிக்கொண்டிருப்பது, விரைவில் மயக்கநிலைக்கு இட்டுச்செல்லும். அவ்வாகனத்தைத் தாண்டி அதற்கு முன்னால் என்ன நிகழ்கிறது என்பதைக் காண முயல வேண்டும்.

மூன்றாவது, சந்திப்புகளில் இருமுறை பார்ப்பது. முன்கண்ணாடியின் இருபுறமும் உள்ள தூண், ஒரு மோட்டார் சைக்கிளை முழுமையாக மறைத்துவிடும். இரு வாகனங்களும் மோதும் பாதையில் சீரான வேகத்தில் நெருங்கும்போது, அந்த மோட்டார் சைக்கிள் தூணின் பின்னாலேயே தொடர்ந்து மறைந்திருக்கக்கூடும். தலையைச் சற்று முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தால் மட்டுமே அது தெரியும். தலையை விரைந்து திருப்பும்போது கண் இடையில் உள்ளவற்றைப் பதிவுசெய்வதில்லை என்பதால், ஒவ்வொரு பக்கமும் ஒரு கணம் நிறுத்திப் பார்ப்பது அவசியம். "லாரி வருகிறதா?" என்று தேடாமல், "மோட்டார் சைக்கிள் எங்கே?" என்று தேடினால் கண் அதைக் கண்டுபிடிக்கும்.

நான்காவது, இடைவெளி. முன்செல்லும் வாகனம் ஒரு மரத்தையோ மைல்கல்லையோ கடந்த பிறகு, தம் வாகனம் அதே இடத்தை அடையக் குறைந்தது 3 விநாடி ஆக வேண்டும். மழையிலும் மூடுபனியிலும் கனரக வாகனத்திலும் அதைவிடக் கூடுதலாகத் தேவை. இடைவெளி விட்டால் வேறொரு வாகனம் புகுந்துவிடுகிறது என்பது ஓட்டுநர்கள் பொதுவாகக் கூறும் குறை. புகுந்தால் மீண்டும் சற்றுப் பின்தங்குவதால் இழப்பது சில விநாடிகளே. கவனம் ஒரு கணம் தவறினாலும் தப்பிக்க வழிதருவது அந்த இடைவெளியே.

ஐந்தாவது, "இப்போது அது குறுக்கே வந்தால் என்ன செய்வேன்?" என்ற கேள்வி. ஓரமாகச் செல்லும் மிதிவண்டி விழுந்தால் எங்கே ஒதுங்குவது, எதிரே வரும் பேருந்து முந்த முயன்றால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே செல்பவருக்கு, அது நிகழும்போது யோசிக்கும் நேரம் மிச்சமாகிறது. மயிரிழையில் தப்பிய நிகழ்வுகளையும் இதே போல் எடைபோட வேண்டும். "நல்ல வேளை, தப்பித்தோம்" என்று விட்டுவிடாமல், எப்போது அதை முதலில் கண்டோம், அதற்கு முன்பே காண முடிந்திருக்குமா என்று கேட்டுக்கொள்வது பயன்தரும். தவறு எதிரில் வந்தவருடையதாகவே இருந்தாலும் இக்கேள்விக்கு விடை உண்டு.

உறக்கத்துக்கு அனுபவம் மருந்தாகாது

மேற்கூறிய பழக்கங்கள் எவையும், உறக்கம் இழந்த ஓட்டுநருக்குக் கைகொடுக்கா. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்பதை 1997 இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. இந்தியச் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். அந்த வகையில் பார்த்தால், காலை 5 மணிக்கு எழுந்து இரவு 10 மணிக்கும் ஓட்டிக்கொண்டிருப்பவர், ஒரு சொட்டு மது அருந்தாமலேயே அவ்வரம்பைக் கடந்தவருக்கு ஒப்பாகிறார்.

2019 ஜூலை 8 அன்று அதிகாலையில், லக்னோவிலிருந்து தில்லி நோக்கிச் சென்ற பேருந்து ஒன்று, ஆக்ரா அருகே யமுனை விரைவுச் சாலையிலிருந்து விலகிக் கால்வாயில் விழுந்ததில் 29 பேர் உயிரிழந்தனர். ஓட்டுநர் கண்ணயர்ந்ததே காரணம் எனத் தெரிவதாகக் காவல்துறை முதற்கட்டமாகத் தெரிவித்தது. நள்ளிரவுக்குப் பின் 2 மணி முதல் 5 மணி வரையிலும், பிற்பகலில் மதிய உணவுக்குப் பிறகும் உடலின் இயல்பான விழிப்பு தாழ்ந்திருக்கும். 3 விநாடி கண்ணயர்ந்தாலே 80 கி.மீ. வேகத்தில் வாகனம் 67 மீட்டர் தானாக ஓடிவிடும்.

சன்னலைத் திறப்பது, பாட்டின் ஒலியைக் கூட்டுவது, முகம் கழுவுவது ஆகியவை சில நிமிடங்களுக்கு மேல் பயன்தருவதில்லை. தொடர்ந்து கொட்டாவி விடுதல், கண்ணைக் கசக்குதல், வேகம் ஏறி இறங்குதல், கோட்டைத் தாண்டிச் சக்கரம் செல்லுதல், கடந்துவந்த ஊர் நினைவில் இல்லாமை ஆகியவை எச்சரிக்கைகள். அப்போது பாதுகாப்பான இடத்தில் வாகனத்தை நிறுத்தி, தேநீர் அருந்திவிட்டு, 15 முதல் 20 நிமிடம் உறங்குவதே குறுகிய காலத் தீர்வு. முழுத் தீர்வு, முந்தைய இரவின் உறக்கம் மட்டுமே.

நிறுவனங்களின் பொறுப்பு

இவை அனைத்தையும் ஓட்டுநரின் தலையில் மட்டும் சுமத்திவிட முடியாது. 1961 ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்கள் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வேலை நேரத்தை வரையறுத்தது. 5 மணி நேரத்துக்கு மேல் இடைவிடாது வேலை வாங்கலாகாது. அரை மணி நேரமாவது ஓய்வு அளிக்க வேண்டும் என்றும் கூறியது. எனினும், சரக்கு சேர வேண்டிய நேரத்தை மட்டும் குறித்து, அதற்கு ஊக்கத்தொகையும் தாமதத்துக்குப் பிடித்தமும் விதிக்கப்படும் இடங்களில், ஓய்வு என்பது ஓட்டுநர் தம் கூலியிலிருந்து செலுத்தும் விலையாகிவிடுகிறது.

சில மாற்றங்கள் தொடங்கியுள்ளன. 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதன வசதி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. கோடை வெப்பத்தில் பல மணி நேரம் அமர்ந்திருப்பவரின் களைப்பைக் குறைப்பதே இதன் நோக்கம். ஓட்டுநர் கண்ணயர்வதைக் கண்டு எச்சரிக்கும் கருவி, தானியங்கி அவசர பிரேக் ஆகியவற்றைப் பேருந்துகளிலும் லாரிகளிலும் பொருத்துவதற்கான வரைவு விதிகளை அமைச்சகம் 2025 இல் வெளியிட்டது.

கருவிகள் உதவும், ஆனால் அவை ஓட்டுநருக்கு மாற்று ஆகா. பின்னால் வரும் வாகனத்தைக் கருவி பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் கண்ணாடியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டால், பழைய அசட்டை புதிய வடிவில் திரும்பும். வாகனக் கேமராப் பதிவுகளைத் தண்டனைக்கு மட்டும் பயன்படுத்தாமல், மாதம் ஒருமுறை ஓட்டுநர்கள் கூடிப் பார்த்து, "எந்த விநாடியில் ஆபத்து தொடங்கியது?" என்று விவாதிக்கும் ஏற்பாடு பெரிய செலவின்றி நடத்தக்கூடியது. தப்பிய நிகழ்வைத் தயங்காமல் கூறும் ஓட்டுநரைத் தண்டிக்காத நிறுவனத்தில் மட்டுமே அத்தகைய விவாதம் நடைபெறும்.

சிவப்பு நிற 'எல்' எழுத்தை ஒட்டிக்கொண்டு முதல் நாள் சாலைக்கு வருபவர், ஒவ்வொரு மிதிவண்டியையும் கண்டு அஞ்சுகிறார். அவரிடம் திறன் இல்லை. ஆனால், எதுவும் நிகழலாம் என்ற எண்ணம் உண்டு. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு திறன் முழுமையாக வந்துவிடுகிறது; அந்த எண்ணம் மட்டும் எப்போது போனது என்று அவருக்கே தெரிவதில்லை. அடுத்த முறை சாவியைத் திருப்பும்போது அதை மீண்டும் நினைவில் கொள்வது, அவரையும், அவர் வழியில் எதிர்ப்படும் முகமறியாத ஒருவரையும் வீடு கொண்டு சேர்க்கும்.